தலைவர் மறைந்த ஊராட்சியில் காலியிடங்களை நிரப்பும் அதிகாரம் யாருக்கு?

கேள்வி: நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினர். 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டேன். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் இருந்த அம்மா சில மாதங்களுக்கு முன் உடல்நலம் குன்றிக் காலமானார். அன்றிலிருந்து துணைத் தலைவர்தான் எல்லாவற்றையும் பார்த்து வருகிறார். மறைந்தவரின் மருமகளையே மீதிக் காலத்துக்குத் தலைவராக உட்கார வைத்துவிடலாம், கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பெண் ஒதுக்கீடு அந்த அம்மாவோடு முடிந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது துணைத் தலைவரின் பேச்சு. இதற்கிடையே எங்கள் ஊராட்சி செயலர் ஓய்வு பெற்றுவிட்டார். பக்கத்து ஊராட்சியின் செயலர் கூடுதல் பொறுப்பில் வந்து போகிறார். அந்த இடத்தில் தம் அக்காள் மகனை நியமிப்பதற்குத் தீர்மானம் எழுதி, எங்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் துணைத் தலைவர். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட இன்னொரு உறுப்பினரின் வார்டும் காலி என்று சொல்லி, அதற்கும் ஓர் ஆளைக் காட்டுகிறார். இந்த இடங்களைச் சட்டப்படி நிரப்ப வேண்டியவர் யார்? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால், அடுத்த கூட்டத்தில் உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்; அதன் நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று காலியிடங்கள் வருகின்றன. தலைவர் பதவியும் வார்டு உறுப்பினர் பதவியும் மக்கள் வாக்களித்து நிரப்பியவை. செயலர் இடம் சம்பளம் பெறும் பணியிடம். மக்கள் வாக்கால் நிரம்பிய இடம் காலியானால், அதை மீண்டும் நிரப்பும் அதிகாரம் வாக்காளர்களுக்கு மட்டுமே உண்டு. சம்பளப் பணியிடம் காலியானால், அரசு வகுத்த விதிகளின்படி எல்லோரும் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு நடைமுறையின் மூலமே அதை நிரப்ப முடியும். இடைப்பட்ட காலத்தில் அந்த வேலையை யார் பார்த்தாலும், அவர் பார்ப்பது பொறுப்பு மட்டுமே. பொறுப்பு வகிப்பவருக்கு அந்தப் பதவியும் சொந்தமாகாது, வேறொருவரைப் பதவியில் அமர்த்தும் உரிமையும் அதனால் வந்துவிடாது. உங்கள் ஊரில் நடக்கும் எல்லாக் குழப்பமும் இந்த வேறுபாட்டைக் கலக்கிப் பேசுவதால் வருவதுதான்.

தலைவர் பதவியை எடுத்துக்கொள்வோம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அதையொட்டி நம் மாநிலத்தில் இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான் இதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தலைவரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும்கூட மறைமுகத் தேர்தலில் வருபவர்களே. ஊரகத்தின் மூன்று அடுக்குகளிலும் தலைவர் நாற்காலிக்கு மக்களே நேராக வாக்களிப்பது கிராம ஊராட்சியில் மட்டும்தான். ஆகவே அந்த நாற்காலி காலியாகும்போது, கிராம சபையோ ஊர்ப் பஞ்சாயத்தோ ஊராட்சி மன்றமோ மாவட்ட ஆட்சியரோ, இவர்களில் யாரும் ஒருவரை அதில் அமர்த்த முடியாது. இடையில் காலியான இடத்துக்காக மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் தற்செயல் தேர்தலில் வென்று வருபவரே தலைவர். அவரும் ஐந்தாண்டு இருக்க மாட்டார். முன்னவரின் பதவிக்காலத்தில் மிஞ்சியிருக்கும் நாட்களுக்கு மட்டுமே இருப்பார்.

கிராம சபையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் அந்தச் சபைதான் ஊராட்சியின் வரவு செலவைக் கேள்வி கேட்கவும், திட்டங்களுக்கு ஒப்புதல் தரவும், பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்கவும் உரிய இடம். தலைவர் பதவி இத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது, தேர்தலை நடத்துங்கள் என்று அது தீர்மானம் போடலாம். போட வேண்டும் என்பேன். ஆனால் கைதூக்கி ஒருவரைத் தலைவராக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. இரகசிய வாக்குச்சீட்டின் பாதுகாப்பு இல்லாமல், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் சொன்ன பெயருக்கு எதிராகக் கை தூக்கும் துணிவு எத்தனை கூலித் தொழிலாளிக்கு வரும்?

மறைந்தவரின் மருமகளைப் பற்றி ஊரில் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் தலைவராவதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. அவருக்கு 21 வயது நிரம்பியிருந்து, உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, சட்டம் சொல்லும் தகுதியின்மைகள் எதுவும் இல்லாதிருந்தால், தேர்தல் அறிவிக்கப்படும்போது வேட்புமனு தாக்கல் செய்யட்டும். வேறு யாரும் மனு போடாவிட்டால், அல்லது போட்டவர்கள் தாமாக முன்வந்து திரும்பப் பெற்றுக்கொண்டால், அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்படுவார். அது முழுக்கச் சட்டபூர்வமானது. மனுவே வராத ஒரு தேர்தலை ஊர்க் கூட்டத்தில் நடத்தி முடித்துவிட்டதாக எழுதிக்கொள்வதோ, கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று பதவியை ஏலம் எடுப்பதோ அப்படியல்ல. 2019 தேர்தலின்போது இத்தகைய ஏலங்கள் குறித்துப் புகார்கள் வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை விட்டதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

‘வாரிசு’ என்ற எண்ணம் நம் கிராமங்களில் ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கணக்குப்பிள்ளை, மணியக்காரர் என்னும் கிராமப் பதவிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தவை. 1895-ஆம் ஆண்டின் சென்னை பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அந்தக் குடும்பங்களுக்கு முன்னுரிமையே கொடுத்திருந்தது. ஆந்திரத்தில் ஒரு கிராம முன்சீப் பதவி தொடர்பாக கஜுல தசரத ராம ராவ் தொடுத்த வழக்கில், 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முன்னுரிமையைச் செல்லாது என்று தீர்த்தது. வம்சாவளியைக் காரணமாகக் காட்டி அரசின்கீழ் உள்ள ஒரு பதவியை ஒருவருக்குக் கொடுப்பதும் இன்னொருவருக்கு மறுப்பதும் அரசியலமைப்பின் 16-ஆவது உறுப்புக்கு முரணானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. 1981-இல் அது சட்டமாகி, 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவ்விடத்தில் வந்தவர்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர், அவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறவர், வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஊராட்சியின் ஊழியர் அல்லர். சம்பளம் வாங்கிய கிராம அதிகாரியின் பதவிக்கே வாரிசுரிமை இல்லை என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிவான பிறகு, மக்கள் வாக்கால் வந்த தலைவர் பதவிக்கு மாமியார், மருமகள் என்ற உறவை ஒரு தகுதியாகக் காட்டுவதற்கு இடமே இல்லை. கருணை அடிப்படையிலான வேலை என்பதும் பணியிலிருக்கும்போது இறந்த ஊழியரின் குடும்பம் திடீர் வறுமையில் விழாமல் தாங்குவதற்காக ஏற்பட்ட சலுகைதான். தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி, பெண் ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பேச்சு. இது முற்றிலும் தவறு. ஒதுக்கீடு அந்தப் பதவிக்கு உரியது. அதை வகித்த அம்மாவுக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. பொதுத் தேர்தலுக்கு முன் அரசிதழில் எந்த வகையினருக்கென்று அந்தப் பதவி அறிவிக்கப்பட்டதோ, இடையில் நடக்கும் தற்செயல் தேர்தலிலும் அதே வகையினர்தான் போட்டியிட முடியும். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டத் திருத்தம் வந்த பிறகு, இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. சுழற்சி முறையில் ஒதுக்கீடு மாறுவது வேறு. அது பொதுத் தேர்தலையொட்டி அரசு அறிவிக்கும் மாற்றம். ஒரு மரணமோ ராஜினாமாவோ அதை மாற்றிவிட முடியாது.

இப்படி ஒரு விதி ஏன் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் நமக்குக் காட்டின. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊர்களில், 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் இல்லாமலே போயிற்று. வேட்புமனு போட ஆள் வராது. வந்து வென்றவரும் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யும்படி நேரும். மீண்டும் காலியிடம், மீண்டும் தேர்தல் அறிவிப்பு. காலியிடம் ஏற்பட்டால் ஒதுக்கீடு போய்விடும் என்று சட்டம் இருந்திருந்தால், ஒரே ஒரு ராஜினாமாவோடு ஆதிக்கத்தில் இருந்தவர்களின் விருப்பம் நிறைவேறியிருக்கும். அப்படி இல்லாததால்தான், 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்து, பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். உங்கள் ஊரில் நடப்பது அவ்வளவு கொடியதன்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பெண்ணுக்கு உரிய நாற்காலியை ஒரு மரணத்தைச் சாக்கிட்டுக் கைமாற்றப் பார்ப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தேர்தல் எப்போது நடக்கும் என்பது அடுத்த கேள்வி. ஆறு மாதத்துக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆறு மாதக் கெடு அரசியலமைப்பில் இருக்கிறது என்பது உண்மை; ஆனால் அது ஓர் ஊராட்சி முழுவதுமாகக் கலைக்கப்பட்டால் புதிய ஊராட்சியை அமைப்பதற்கான கெடு. தனியொரு பதவி காலியாவதற்கு அதை அப்படியே பொருத்திக்கொள்ள முடியாது. நடைமுறையில், காலியிடம் குறித்த அறிக்கை ஊராட்சியிலிருந்து ஒன்றியத்துக்கும், மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் போகிறது. ஆணையம் பல மாவட்டங்களின் காலியிடங்களைச் சேர்த்து ஒரே நாளில் தேர்தல் நடத்துகிறது. 2022 ஜூலை 9 அன்று அப்படித்தான் நடந்தது.

உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. 2019-இல் தேர்தல் நடக்காமல் விடப்பட்டு, 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குப்பதிவு நடந்த ஒன்பது மாவட்டங்களில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. உங்கள் மன்றத்தின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஏற்படும் காலியிடத்துக்குத் தனித் தேர்தல் நடத்தாமல், அதை அடுத்த பொதுத் தேர்தலோடு சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. எனவே உங்கள் ஊரில் தலைவர் பதவிக்குத் தனியாக ஒரு தேர்தல் வராமலே போகக்கூடும். அதற்காக அந்த இடத்தை வேறு வழியில் நிரப்பலாம் என்று ஆகிவிடாது. அது காலியாகவே இருக்கும்; துணைத் தலைவர் பொறுப்பில் தொடர்வார். ஆக, இந்த மாதங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்பதுதான் உங்களைப் போன்ற உறுப்பினர்களின் தலையாய வேலை.

துணைத் தலைவர் பொறுப்பேற்றதில் தவறில்லை. தலைவர் பதவி காலியாக இருக்கும்போது அதன் பணிகளைத் துணைத் தலைவர் பார்க்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, ஊழியர் சம்பளம், மின்கட்டணம் ஆகியவை ஒரு நாளும் நிற்கக் கூடாது. ஓர் இடம் காலியாக இருந்ததனால் மட்டும் மன்றத்தின் நடவடிக்கைகள் செல்லாமல் போகாது என்பதும் சட்டத்தின் பொதுவான நிலை. ஆனால் பணம் எடுக்கும் இடத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. ஊராட்சி நிதியிலிருந்து பணம் கொடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்பது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவின் ஏற்பாடு. இருவரில் ஒருவர் இல்லாதபோது, மற்றவரோடு சேர்ந்து கையொப்பமிட ஓர் உறுப்பினருக்கு மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதிகாரம் அளிக்க வேண்டும். தலைவர் மறைந்த நாளிலிருந்து உங்கள் ஊராட்சியில் அந்த இரண்டாவது கையொப்பம் யாருடையது? அதற்கான கூட்டம் எப்போது நடந்தது? உங்களுக்கு அழைப்பு வந்ததா? கடிதத்தில் நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை; நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளையே கேட்கும் கேள்வி இதுதான்.

செயலர் பணியிடத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கிளர்க் என்று ஊரார் அழைத்த இந்தப் பணியிடத்தில், ஊராட்சி அளவிலேயே ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்த நினைவில்தான் துணைத் தலைவர் பேசுகிறார் என்று எண்ணுகிறேன். இன்று நிலைமை வேறு. 2025 அக்டோபரில் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, மாநிலம் முழுவதும் 1,483 ஊராட்சி செயலர் காலியிடங்களுக்கு மாவட்ட, ஒன்றிய வாரியாக அறிவிப்பு வெளியிட்டு, இணையவழியில் விண்ணப்பங்களைப் பெற்றது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது வரம்பு, இனச்சுழற்சி (எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு என்ற வரிசை) எல்லாம் அறிவிப்பிலேயே இருந்தன. அந்த வழியை விட்டுவிட்டு, ஒரு மன்றக் கூட்டத்தில் ‘இன்னாரைச் செயலராக நியமிக்கலாம்’ என்று எழுதி ஆறு பேர் கையெழுத்திட்டால், அது நியமனம் ஆகாது. அந்தப் பையனுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து தரப்படும்? தணிக்கையில் அந்தச் செலவு ஆட்சேபிக்கப்பட்டால், தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டவர்களிடம்தான் முதலில் விளக்கம் கேட்பார்கள்.

பொது அறிவிப்பு இல்லாமல், தகுதியுள்ள மற்றவர்கள் போட்டியிட வாய்ப்பே இல்லாமல் கொடுக்கப்படும் வேலை அரசியலமைப்பின் 14, 16 ஆகிய உறுப்புகளுக்கு முரணானது. அத்தகைய வேலையில் பல ஆண்டு இருந்தாலும் நிரந்தரமாக்கும்படி உரிமையோடு கேட்க முடியாது என்று 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் எடுத்துச் சொல்வது துணைத் தலைவரைப் பயமுறுத்துவதற்காக அல்ல, அந்த அக்காள் மகனுக்காகவும்தான். இப்படி வாய்மொழியாகவோ வெறும் தீர்மானத்தாலோ வேலையில் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தபின் ஒரு நாள் வெளியே அனுப்பப்பட்டு, வேறு தேர்வு எழுதும் வயதும் கடந்து, ஒரு கட்டுக் காகிதங்களோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் நிலை மிகவும் வேதனையானது. அவர்கள் கையில் நியமன ஆணை இருக்காது. கைப்பட எழுதிய ஒரு தீர்மான நகல் மட்டும் இருக்கும். அந்த அக்காள் மகனுக்குத் தகுதி இருந்தால் அடுத்த அறிவிப்பில் விண்ணப்பிக்கட்டும் என்று நேராகவே சொல்லுங்கள்.

அதுவரை கூடுதல் பொறுப்பில் வரும் பக்கத்து ஊராட்சி செயலரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆள் போதாமல் மக்கள் வரி கட்டவும் சான்று வாங்கவும் அலைவது எனக்குப் புரிகிறது. அவர் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருப்பார் என்று பலகையில் எழுதி வைக்கும்படி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். இது உடனே கிடைக்கக்கூடிய நிவாரணம்.

திருப்பூருக்குப் போன உறுப்பினரின் கதை இன்னும் நுட்பமானது. ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்பதே அங்கே முடிவாகவில்லை. உறுப்பினர் இறந்துவிட்டால் ஐயமில்லை. முறைப்படி எழுத்தில் ராஜினாமா கொடுத்து அது நடைமுறைக்கு வந்துவிட்டாலும் ஐயமில்லை. வேலைக்காக வெளியூர் போனார், கூட்டங்களுக்கு வரவில்லை என்பது மட்டும் சொல்லப்படும்போது, கூட்ட அழைப்புகள் அவருக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தனவா, அவர் ஒப்புதலோடு வராமல் இருந்தாரா என்பதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. தாம் தகுதி இழந்ததாகச் சொல்லப்படுவதை அந்த உறுப்பினர் மறுத்தால், அதைத் தீர்மானிக்க வேண்டியது அதற்கெனக் குறிக்கப்பட்ட நீதி அதிகாரி. துணைத் தலைவர் அல்லர். அந்த முடிவு வரும்வரை அவர் உறுப்பினராகவே நடத்தப்படுவார். அவரைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். வர இயலாது என்றால், அவர் முறைப்படி விலகட்டும். பிறகு அந்த வார்டும் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் சேரும். எப்படியானாலும் துணைத் தலைவர் காட்டும் ஆள் அங்கே வந்து அமர வழியில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும்; இல்லாவிட்டால் யாராவது அதைத் திரித்துச் சொல்லி உங்களைக் குழப்பலாம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்குவதற்கு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. அது மன்றத்தில் சேர்க்கப்படும் கூடுதல் இடம். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வார்டு ஒன்று காலியானால் அதை நிரப்புவதற்கான வழியாக அதைப் பயன்படுத்த முடியாது.

தலைவர் உயிரோடு இருக்கும்போது ஏற்படும் காலியிடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உறுப்பினர் என்ற முறையில் தெரிந்திருப்பது நல்லது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரை வார்டு உறுப்பினர்கள் வாக்களித்து மட்டும் இறக்கிவிட முடியாது. 205-ஆம் பிரிவின்படி, ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியர் குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பி, விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் மூலம் மன்றத்தின் கருத்தையும் அறிந்த பிறகே நீக்கம் குறித்து முடிவெடுக்க முடியும். துணைத் தலைவர் உறுப்பினர்களால் வந்தவர் என்பதால், அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும் வழியைச் சட்டம் உறுப்பினர்களுக்குத் தந்திருக்கிறது. உங்கள் ஊரில் இன்றே அதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மீதமிருக்கும் காலம் குறைவு. பொறுப்புத் தலைவரும் இல்லாமல் போனால் தண்ணீர் விடுவதற்கும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை. கூட்டம் நடக்கும்போது தீர்மானப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் உறுப்பினர்களின் கையொப்பத்துக்கும் இடையில் இரண்டு மூன்று வரி காலியாக விடப்பட்டிருந்தால், அங்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவுக்கு வாங்கிய கையொப்பமே தீர்மானத்துக்குத் தந்த ஒப்புதலாகப் பின்னர் காட்டப்படுவது நடக்கிறது; எனவே கையொப்பத்தின் கீழ் தேதியையும், நீங்கள் ஏற்காத தீர்மானத்தின் எண்ணைக் குறிப்பிட்டு ‘எனக்கு உடன்பாடில்லை’ என்பதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். நீங்கள் மறுத்தும் நியமனத் தீர்மானம் நிறைவேறிவிட்டதாக எழுதப்பட்டால், மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். சட்டத்துக்குப் புறம்பான ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் 202-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. மனுவின் நகல் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்துக்கும் போகட்டும்.

தலைவர் பதவிக் காலியிடம் குறித்து வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி காலியான விவரம் எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் மேலே அனுப்பப்பட்டது. மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அது எப்போது போனது. செயலர் பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, கூடுதல் பொறுப்பு வழங்கிய ஆணையின் நகல், அந்தப் பணியிடத்தின் இனச்சுழற்சி வரிசை. தலைவர் மறைந்த பிறகு காசோலையில் கையொப்பமிட அதிகாரமளித்த தீர்மானத்தின் நகல். இவற்றை மட்டும் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். சட்டப்படி தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தலைவர் அல்லது உறுப்பினர் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால், எந்த அதிகாரத்தில் பதவி வகிக்கிறார் என்று கேட்கும் நீதிப் பேராணை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர் அதன் நடுவே நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. முடிவில் குறை இருந்தால், அது வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். தேர்தலை நடத்தும்படி ஆணையத்துக்கு உத்தரவிடக் கோரும் மனுவும் போடலாம். ஆனால் 2026 அக்டோபருக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது செலவுக்குத் தக்க பலன் தருமா என்று சொல்ல முடியும். தகவல் உரிமை மனுவுக்கு வரும் பதிலில், காலியிட அறிக்கை அனுப்பிய தேதி இருக்கும். அந்தப் பதிலின் நகலையும் நியமனத் தீர்மானத்தின் நகலையும் அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன்.